சரஸ்வதி பூஜைக்கு லேப்டாப்பைக் குளிப்பாட்டாதீர்கள்!

தக்கலையில் ஒரு தாயின் பிழைப்பு 11 நாள் முடங்கிய பரிதாபம். துடைக்கும் முறை பற்றி மெக்கானிக் பேட்டி

தக்கலை:–

சரஸ்வதி பூஜை வந்துவிட்டால் வீட்டில் உள்ள சாமான் எல்லாம் குளிக்கும்.

அரிவாள் குளிக்கும். மண்வெட்டி குளிக்கும். தையல் மிஷின் குளிக்கும். ஸ்கூட்டர் குளிக்கும். இப்போது லேப்டாப்பும் குளிக்கிறது.

அரிவாள் பிழைத்துக் கொள்கிறது. லேப்டாப் செத்துப் போகிறது!

தக்கலையில் சென்ற வருடம் பூஜைக்கு முந்தின நாள் இப்படித்தான் ஒரு லேப்டாப் போனது. கூடவே ஒரு குடும்பத்தின் பிழைப்பும் 11 நாள் நின்றுபோனது. இந்த வருடமும் பூஜை நெருங்குகிறது. அதனால்தான் அந்தக் கதையை இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது.

இது பற்றிய விவரம் வருமாறு:–

பத்தடிக் கடை

கல்குளம் தாலுகாவுக்குத் தலைமை இடம் தக்கலை. தாலுகா ஆபீஸ், சப்–கலெக்டர் ஆபீஸ், கோர்ட்டு எல்லாம் இங்கேதான். காலையில் பஸ்சை விட்டு இறங்குகிறவர்களில் பாதிப்பேர் கையில் மனு இருக்கும். அல்லது மனு எழுத ஆள் தேடுவார்கள்.

அதனால் டைப் அடித்துக் கொடுக்கும் கடைகளுக்கு ஊரில் பஞ்சம் இல்லை.

அப்படி ஒரு கடை. பத்தடி நீளம், எட்டடி அகலம். ஒரு லேப்டாப், ஒரு பிரிண்டர், ஆட்கள் உட்கார ஒரு பெஞ்சு. அவ்வளவுதான். நடத்துபவர் 38 வயதுப் பெண்மணி. கணவர் இறந்துவிட்டார். ஒரே மகன். சென்ற வருடம் 8–ம் வகுப்பு படித்துக் கொண்டிருந்தான். லேப்டாப் தவணையில் வாங்கியது. தவணை அப்போது முடியவில்லை.

பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டு வந்து வைத்துவிட்டு, பொரி, பழம், பூ வாங்க அம்மா கடைத்தெருவுக்குப் போனார். மகன் மட்டும் வீட்டில் இருந்தான்.

அம்மா வருவதற்குள் எல்லாவற்றையும் பளபளப்பாக ஆக்கிவிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. நல்ல எண்ணம்தான்.

அலமாரிக் கண்ணாடி துடைக்கும் ஸ்பிரேயை எடுத்தான். லேப்டாப் திரை மீது நேராக அடித்தான். ஐந்தாறு தடவை அடித்தான். பிறகு தோர்த்தைத் தண்ணீரில் முக்கி, அரைகுறையாகப் பிழிந்து, கீபோர்டு முழுவதும் அழுத்தித் துடைத்தான்.

அந்த நேரம் லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தது. சார்ஜரும் மாட்டியிருந்தது!

கறுப்பு நிழல்

சிறிது நேரத்தில் திரையின் கீழ் ஓரத்தில் ஒரு கறுப்பு நிழல் தெரிந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. பிறகு திரை ஒரு முறை மின்னியது. அணைந்தது.

பையனுக்குக் கை கால் நடுங்கியது. மூடியை மூடினான். சாமி படத்துக்கு முன்னால் கொண்டு வைத்தான். மேலே சந்தனப் பொட்டு, குங்குமப் பொட்டு வைத்தான். அம்மா வந்ததும் ஒன்றும் சொல்லவில்லை.

பூஜை அன்று புத்தகத்தையும் கருவிகளையும் யாரும் தொடமாட்டார்கள். அதனால் அன்று முழுவதும் லேப்டாப் அங்கேயே இருந்தது.

விஜயதசமி காலையில் அம்மா நல்ல நேரம் பார்த்து ஸ்விட்சை அழுத்தினார். உயிர் இல்லை.

"பையன் மூஞ்சிய பார்த்தேன் தம்பி. அப்பவே தெரிஞ்சு போச்சு. ரெண்டு அடி வச்சுட்டேன். அப்புறம் கேட்டா, 'சரஸ்வதி சரியாக்கித் தரும்னு நினைச்சேம்மா'ன்னு அழுதான். நானும் அழுதேன்" என்றார் அந்தப் பெண்மணி.

உள்ளே போர்டும் போய்விட்டது, திரையும் போய்விட்டது. ரிப்பேர் செலவுக்கு இன்னொரு பழைய லேப்டாப்பே வாங்கிவிடலாம் என்ற நிலை. டிஸ்க்கை மட்டும் மெக்கானிக் கழற்றி எடுத்ததால், வாடிக்கையாளர்களின் மனுக்களும் பத்திர நகல்களும் தப்பின. மகளிர் சுய உதவிக் குழுவில் கடன் வாங்கி, வேறொரு பழைய லேப்டாப் வாங்கி, கடையைத் திறக்க 11 நாள் ஆனது.

அந்த 11 நாளும் பையன் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

முதல் கம்ப்யூட்டர்

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளுக்கு லேப்டாப்தான் முதல் கம்ப்யூட்டர்.

2011 செப்டம்பர் 15–ந் தேதி, அண்ணா பிறந்தநாளில், அப்போதைய முதல்–அமைச்சர் ஜெயலலிதா இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அதற்குப் பிறகுதான் கூரை வீட்டிலும் ஓட்டு வீட்டிலும் லேப்டாப் நுழைந்தது. பிறகு 2025 மார்ச் 14–ந் தேதி தாக்கலான பட்ஜெட்டில், 2 ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட் அல்லது லேப்டாப் கொடுக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. முதல் கட்டமாக ரூ.2 ஆயிரம் கோடி ஒதுக்கப்பட்டது.

கொடுப்பதற்குத் திட்டம் இருக்கிறது. அதை எப்படித் துடைப்பது என்று சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை!

தக்கலையில் பூஜை என்றால் சும்மா இல்லை. நவராத்திரிக்கு முன்னால் பத்மநாபபுரம் அரண்மனையில் இருந்து சரஸ்வதி அம்மன் யானை மீது திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகிறார். குமாரகோவிலில் இருந்து வேளிமலை முருகனும், சுசீந்திரத்தில் இருந்து முன்னுதித்த நங்கையும் கூடப் போகிறார்கள். ஊர்ச் சரஸ்வதி அங்கே கொலு இருக்கும் நேரத்தில், இங்கே வீட்டுக்கு வீடு சரஸ்வதி பூஜை நடக்கிறது.

பூஜை கொண்டாடாத வீட்டுக்காரர்கள் நமக்கு என்ன என்று பக்கத்தைத் திருப்ப வேண்டாம். பெருநாளுக்கும் கிறிஸ்துமசுக்கும் வீட்டைக் கழுவி வெள்ளையடிக்கும்போது அங்கேயும் லேப்டாப் குளிக்கத்தான் செய்கிறது.

மெக்கானிக் பேட்டி

தக்கலை பஸ் நிலையம் பக்கம் கடை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரைப் பார்த்தேன். இந்த வேலையில் 20 வருட அனுபவம் உள்ளவர். "பெயரைப் போடாண்டாம், விஷயத்தைப் போடும் தம்பி" என்றார். சாயா வாங்கிக் கொடுத்தார். லேப்டாப்புகள் இருந்த மேஜையில் வைக்காமல் தனி ஸ்டூலில் வைத்துக் கொடுத்தார். அதிலேயே ஒரு பாடம் இருந்தது.

அவரிடம் கேட்ட கேள்விகளும் அவர் அளித்த பதில்களும்:–

கேள்வி:– லேப்டாப் அழுக்கால் கெடுகிறதா, துடைப்பதால் கெடுகிறதா?

பதில்:– ரெண்டாலும் கெடும். அழுக்கு வருஷக்கணக்குல கெடுக்கும். வெள்ளம் ஒரு நிமிஷத்துல கெடுக்கும். அதுதான் வித்தியாசம்.

கேள்வி:– திரை கண்ணாடி மாதிரிதானே இருக்கிறது? கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே அடித்தால் என்ன?

பதில்:– மாதிரிதான் இருக்கு. நெறைய லேப்டாப்புல மேல இருக்கது கண்ணாடியே இல்ல, பிளாஸ்டிக் படலம். லைட்டு வெளிச்சம் திருப்பி கண்ணுல அடிக்காம இருக்க அதுக்கு மேல ஒரு பூச்சும் இருக்கு. கண்ணாடி ஸ்பிரேயில சிலதுல அம்மோனியா கலந்திருக்கும். அது பூச்சை அரிக்கும். அப்புறம் திரை திட்டுத் திட்டா வெளுத்துப் போகும். எத்தனை துடைச்சாலும் போகாது.

கேள்வி:– அந்தப் பையன் அடித்த ஸ்பிரே எப்படி உள்ளே போனது?

பதில்:– அடிச்ச உடனே அது கீழதான ஒழுகும்? திரைக்குக் கீழ் ஓரத்துல, சட்டத்துக்குப் பின்னாலதான் மெல்லிசான இணைப்பு எல்லாம் இருக்கு. அங்க போய் தங்கிச்சு. கீபோர்டுல விழுந்தது நேரா போர்டுக்குப் போச்சு. மெஷின் ஓடிட்டு இருந்ததால கரண்டும் வெள்ளமும் சேர்ந்துது. பின்ன என்ன நடக்கும்?

கேள்வி:– அன்றைக்கே கொண்டு வந்திருந்தால்?

இதற்கு அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு சொன்னார்:–

பதில்:– பிழைக்க வாய்ப்பு இருந்துது. அணைஞ்ச பிறகும் பேட்டரி உள்ளதான இருக்கு. ரெண்டு ராத்திரி ஈரத்தோட வச்சிருந்தா செம்பு பச்சை பிடிச்சிரும். நான் திறந்து பார்க்கும்போது பச்சை பிடிச்சுதான் இருந்துது. ஆனா அந்தப் பிள்ளைகிட்ட அத சொல்லல. நீரும் சொல்லாண்டாம்.

(இந்த வருடம் அந்தத் தாயே இதைத் தெரிந்துகொண்டார். "போடுங்க தம்பி, நாலு பேருக்கு உதவும்" என்று சொன்ன பிறகே இங்கே போடுகிறோம்.)

கேள்வி:– அப்படியானால் துடைக்கவே கூடாதா?

பதில்:– துடைக்கணும். கட்டாயம் துடைக்கணும். ஒரே ஒரு சட்டம்தான். ஈரம் துணிக்கு. மெஷினுக்கு இல்ல. எதையும் மெஷின் மேல ஊத்தப்பிடாது, அடிக்கப்பிடாது. துணியில தொட்டு எடுத்துட்டுத்தான் வரணும்.

இவ்வாறு அவர் கூறினார்.

குற்றவாளிகள் பட்டியல்

போலீஸ் நிலையத்துக்குப் போனால் குற்றவாளிகள் படம் ஒட்டி வைத்திருப்பார்கள். லேப்டாப்புக்கும் அப்படி ஒரு பட்டியல் உண்டு. எல்லாமே நம் வீட்டுக்குள் இருப்பவைதான்.

முதல் குற்றவாளி, பழைய பேப்பர். ஜன்னல் கண்ணாடிக்கு நியூஸ் பேப்பர் நல்லது என்பார்கள். லேப்டாப் திரைக்கு அது ஆகாது. மர நாரில் செய்த காகிதம் பூச்சைக் கீறும். மையும் ஒட்டும். ஆகவே வாசகர்களே, இந்தப் பேப்பரைப் படியுங்கள், பொட்டலம் கட்டுங்கள். லேப்டாப்பை மட்டும் துடைக்காதீர்கள்!

டிஷ்யூ பேப்பரும் அதே குடும்பம்தான்.

அடுத்தது வேட்டி முனை, சேலை முந்தானை, தோர்த்து. இவற்றில் மண் துகள் ஒட்டியிருக்கும். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தானே உள்ளே போகிறோம்? செருப்பில் ஒட்டிய மண் அந்தக் கறுப்புத் தரையைத் தேய்த்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். துணியில் ஒட்டிய மண் திரையில் தேய்ந்தாலும் அதே கதைதான்.

விபூதி, பற்பொடி, பற்பசை. பித்தளை விளக்குக்கு இவை பளபளப்பு கொடுக்கும். திரைக்குக் கீறல்தான் கொடுக்கும்.

மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர், நகப்பூச்சு அழிக்கும் திரவம். இவை பிளாஸ்டிக்கை இளக்கும். பிளீச்சிங் தண்ணீரும் பினாயிலும் கிட்டவே வரக்கூடாது.

கொரோனா காலத்தில் வாங்கி மிச்சம் வைத்த சானிடைசர் ஜெல்லும் வேண்டாம். அதில் கலந்திருக்கும் பசை திரையில் படலமாகத் தங்கும்.

கடைசிக் குற்றவாளி பஞ்சர் கடைக் காற்று. தூசி போகட்டும் என்று சிலர் லேப்டாப்பைப் பஞ்சர் கடைக்குக் கொண்டு போய்க் காற்று அடிக்கிறார்கள். டயருக்கு அடிக்கும் காற்றில் ஈரமும் எண்ணெயும் கலந்து வரும். வேகமும் அதிகம். உள்ளே இருக்கும் சின்னக் காற்றாடி தாறுமாறாகச் சுற்றிக் கெட்டுவிடும்.

வாங்க வேண்டியவை

செலவு அதிகம் இல்லை. நான்கு பொருள் போதும்.

ஒன்று, மைக்ரோபைபர் துணி இரண்டு. மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணாடியோடு கொடுப்பார்களே, அதுதான். அதன் இழை பட்டு நூலை விட மெல்லியது. கீறாது. எண்ணெய்ப் பசையை இழுத்துக்கொள்ளும்.

இரண்டு, மென்மையான புதிய பிரஷ். பெயிண்ட் கடையில் கிடைக்கும் ஒரு அங்குல பிரஷ் போதும். பெயிண்ட் தொட்ட பிரஷ் உதவாது.

மூன்று, காய்ச்சி வடித்த தண்ணீர். பேட்டரிக் கடையில் இன்வெர்ட்டருக்கு ஊற்றக் கேனில் விற்பார்கள். லேபிளைப் படித்து வாங்குங்கள். ஆசிட் கேனை மாற்றி எடுத்துவிடக் கூடாது! குழாய்த் தண்ணீரிலும் கிணற்றுத் தண்ணீரிலும் உப்பு இருக்கும். காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும்.

நான்கு, 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். இது எல்லா நேரமும் தேவைப்படாது.

துடைக்கும் முறை

முதலில் லேப்டாப்பை முழுவதுமாக நிறுத்த வேண்டும். மூடி வைத்தால் மட்டும் போதாது. அது தூங்கும், சாகாது. சார்ஜரைக் கழற்றுங்கள். மவுஸ், பென் டிரைவ் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பழைய மாடலில் பேட்டரி தனியாகக் கழன்று வரும் என்றால் அதையும் எடுத்துவிடுங்கள். சூடு ஆறட்டும்.

திரை அணைந்து கறுப்பாக இருக்கும்போது தூசியும் கைரேகையும் நன்றாகத் தெரியும். அதுவும் ஒரு வசதி.

அடுத்து, உலர்ந்த துடைப்பு. பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிட்டு, உலர்ந்த மைக்ரோபைபர் துணியால் திரையைப் பைய துடைக்க வேண்டும். ஒரு கையால் மூடியின் பின்பக்கத்தைத் தாங்கிக்கொள்ளுங்கள். அழுத்தவே கூடாது. அழுத்தினால் உள்ளே நிரந்தரமாகப் புள்ளி விழும். பாதி அழுக்கு இதிலேயே போய்விடும்.

போகாத கறைக்கு ஈரத் துடைப்பு. துணியில் இரண்டு மூன்று சொட்டு காய்ச்சி வடித்த தண்ணீர் விடுங்கள். பிழிந்தால் ஒரு சொட்டும் விழக்கூடாது. கையில் வைத்தால் குளிர்ச்சி மட்டும் தெரிய வேண்டும். அதுதான் அளவு. மேலிருந்து கீழாகத் துடைத்து, உடனே இரண்டாவது உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். திரை ஓரத்தில் ஈரம் தங்கக் கூடாது.

எண்ணெய்ப் பிசுக்கு அப்படியும் போகவில்லையா? அப்போதுதான் ஆல்கஹால். லேப்டாப்போடு வந்த புத்தகத்தில் அந்தக் கம்பெனி அனுமதித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி, திரைக்குத் திரை விதி மாறும். ஆப்பிள் கம்பெனி 2020 மார்ச் மாதம், கொரோனா பரவிய நேரத்தில்தான், 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் பைய துடைக்கலாம் என்று தன் குறிப்பைத் திருத்தியது. பிளீச் கூடாது, எந்தத் துளையிலும் ஈரம் போகக் கூடாது என்ற எச்சரிக்கையும் கூடவே இருந்தது. புத்தகம் தொலைந்து போனவர்கள் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கீபோர்டுக்கு வேறு முறை. லேப்டாப்பைத் திறந்தபடி தலைகீழாகப் பிடித்து லேசாகத் தட்டுங்கள். மிக்சர் தூள், பிஸ்கட் துகள், முடி எல்லாம் விழும். பிறகு பிரஷ்ஷை விட்டு ஓட்டுங்கள். வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் உள்ளே போகும். எழுத்துக் கட்டையின் தலையில் ஒட்டிய பிசுக்கை, லேசாக நனைத்த துணியின் முனையால் ஒவ்வொன்றாக எடுக்கலாம்.

வெளி உடம்புக்கு, ஒரு கிண்ணம் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்தால் போதும். துணியை நனைத்து, இறுக்கமாகப் பிழிந்து துடைக்க வேண்டும். பிறகு வெறும் தண்ணீர் தொட்ட துணி. பிறகு உலர்ந்த துணி. சார்ஜர் துளை, பென் டிரைவ் துளை ஆகியவற்றில் ஈரத் துணியோ, குண்டூசியோ, ஊக்கோ நுழையக் கூடாது.

பக்கவாட்டிலும் அடியிலும் காற்றுப் போகும் ஓட்டைகள் இருக்கும். அதில் பிரஷ்ஷால் வெளித்தூசியை மட்டும் எடுங்கள். உள்தூசியை மெக்கானிக் எடுக்கட்டும். லேப்டாப் அதிகமாகச் சுட்டாலோ, காற்றாடி இரைந்தாலோ அது மெக்கானிக்கைக் கூப்பிடுகிறது என்று அர்த்தம்.

எல்லாம் முடிந்ததும் அரை மணி நேரம் அப்படியே திறந்து வையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே சார்ஜரை மாட்ட வேண்டும்.

பொட்டு எங்கே வைப்பது?

இது பூஜைக்காரர்களுக்கு.

லேப்டாப்பைத் திறந்து வைத்துப் பூஜை செய்பவர்கள், அதன் நெற்றி என்று நினைத்துத் திரைக்கு மேலே நடுவில் பொட்டு வைக்கிறார்கள். அங்கேதான் கேமரா இருக்கிறது! பல மாடல்களில் மைக் ஓட்டையும் பக்கத்திலேயே இருக்கும். சந்தனம் காய்ந்தால் ஓட்டை அடைபடும். குங்குமத்தில் இருக்கும் மஞ்சள் பிளாஸ்டிக்கில் ஏறினால் கறை லேசில் போகாது.

காய்ந்த சந்தனத் துகள் கீபோர்டில் கிடந்து, மேலே மூடியும் அழுந்தினால் திரையில் கீறல் விழும். பூ, சாமந்தி இதழ், தேங்காய்த் துண்டு எதுவும் கீபோர்டு மேல் இருக்கக் கூடாது. தீர்த்தம் தெளிக்கும்போது லேப்டாப்பை விட்டுவிடலாம். சாமி கோபிக்காது.

ஒரு வழி உண்டு. பொட்டை லேப்டாப் பையில் வையுங்கள். அல்லது ஒரு வெற்றிலையில் வைத்துப் பக்கத்தில் வையுங்கள்.

இன்னொரு முக்கிய எச்சரிக்கை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தீப்பிடிக்கும் பொருள். குத்துவிளக்கும் சூடமும் ஊதுபத்தியும் எரிகிற பூஜை அறையில் அந்தப் பாட்டிலைத் திறக்கவே கூடாது. துடைக்கும் வேலையை வேறு அறையில், ஜன்னலைத் திறந்து வைத்து முடித்துவிட்டுப் பிறகு கொண்டு வந்து வையுங்கள்.

இரண்டு மழை ஊர்

குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழை. தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. நவராத்திரி பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் வரும். காற்றில் ஈரம் குறையாது. குளச்சல், முட்டம் பக்கம் உள்ளவர்களுக்கு உப்புக் காற்றும் சேர்த்து.

ஆகவே இங்கே துடைத்த லேப்டாப் காய நேரம் ஆகும். அவசரப்படக் கூடாது. பையில் போட்டு வைப்பவர்கள், புதுச் செருப்பு, புதுப் பெட்டியோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல் பைக்குள் போட்டு வைக்கலாம்.

மழைக்காலத்தில் எறும்பும் லேப்டாப்புக்குள் குடியேறும். சூடும் இருக்கிறது, பிஸ்கட் துகளும் இருக்கிறது. வேறென்ன வேண்டும்? அதற்காக எறும்பு சாக்பீசையும் மருந்துப் பொடியையும் லேப்டாப்பில் போடாதீர்கள். அதன் பக்கத்தில் தின்பதை நிறுத்தினால் போதும்.

தண்ணீர் விழுந்துவிட்டால்?

சாயா, போஞ்சி, தீர்த்தம் எதுவாக இருந்தாலும் சரி. விழுந்துவிட்டால் யோசிக்காதீர்கள்.

சார்ஜர் பக்கம் ஈரம் பட்டிருந்தால் முதலில் சுவரில் உள்ள ஸ்விட்சை அணையுங்கள். சார்ஜரைப் பிடுங்குங்கள். லேப்டாப்பின் பவர் பட்டனை அது அணையும்வரை விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பைல் சேமிக்கவில்லையே என்று பார்க்காதீர்கள். பேட்டரி கழலும் என்றால் கழற்றுங்கள்.

பிறகு திறந்தபடியே கவிழ்த்து, கூடாரம் மாதிரி ஒரு துணி மேல் நிறுத்துங்கள். உள்ளே போனது வெளியே வடியட்டும்.

முடி உலர்த்தும் மிஷினால் சூடு காட்டாதீர்கள். வெயிலில் வைக்காதீர்கள். அரிசி மூட்டையில் புதைக்காதீர்கள். அரிசித் தூளும் மாவும் உள்ளே போகும். ஐபோனையே அரிசியில் போடாதீர்கள் என்று 2024–ல் ஆப்பிள் கம்பெனி எச்சரித்திருக்கிறது.

ஓடுகிறதா பார்ப்போம் என்று ஒரு தடவைகூட ஸ்விட்ச் போட்டுப் பார்க்காதீர்கள். அன்றைக்கே மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள். விழுந்தது தண்ணீரா, சாயாவா என்ற உண்மையையும் சொல்லுங்கள். சர்க்கரை கலந்திருந்தால் வைத்தியம் வேறு.

இந்த வருடம்

இரண்டு நாட்களுக்கு முன்பு அந்தப் பத்தடிக் கடைக்குப் போயிருந்தேன். சாயங்கால நேரம். மனு எழுத வந்த கூட்டம் போய்விட்டது.

மகன் இப்போது 9–ம் வகுப்பு. மெக்கானிக் கடையில் விடுமுறைக்குப் போய் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டானாம். பழைய லேப்டாப்பை அணைத்தான். சார்ஜரைக் கழற்றிச் சுருட்டி வைத்தான். பிரஷ்ஷால் தட்டினான். துணியில் எண்ணி மூன்று சொட்டு விட்டான். கையில் ஒற்றிப் பார்த்தான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

"பயமா இருந்துதா தம்பி?" என்று கேட்டேன்.

"போன வருஷம் துடைக்கும்போது பயமே இல்ல. இப்பதான் பயமா இருக்கு" என்றான்.

திரை பளிச்சென்று ஆனது. லேப்டாப்பைத் திறந்தபடி காய வைத்துவிட்டு, பையை எடுத்து அதன் மேல் சின்னதாக ஒரு சந்தனப் பொட்டு வைத்தான்.

அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தார்.

"எதுனா தப்பு நடந்துட்டா ஒடனே சொல்லு மக்களே. அடிக்க மாட்டேன்."

பையன் தலையை ஆட்டினான்.

லேப்டாப் துடைக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில், துணி வாங்கிக் கொடுப்பதற்கு முன்னால் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுங்கள்.